இடுப்புப் பட்டியின் ஆயுள்

சென்ற மாதம் உயர்தர வகுப்பில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தோடு இவ்வாரக் கட்டுரையைத் தொடங்குகின்றேன். கரும்பலகையில் கணக்கொன்றைச் செய்துகாட்ட எழுந்து வந்த மாணவன் ஒருவன், தரையில் விழுந்த வெண்கட்டியை எடுக்கக் குனிந்தான். 'படீர்' என்று ஒரு சத்தம். அவன் இடுப்பிலிருந்த பட்டி பூட்டருகே அறுந்து தொங்கியது. வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனோ ஒரு கையால் வெள்ளைக் களிசானைப் பற்றிக்கொண்டு, மறு கையால் கணக்கைச் செய்து முடித்தான். விடை சரியாகவே இருந்தது.

பாடம் முடிந்தபின் அவனை அழைத்து அந்தப் பட்டியை வாங்கிப் பார்த்தேன். மேலே பூசியிருந்த கறுப்பு, பாம்பு கழற்றிய சட்டை போல உரிந்துகொண்டிருந்தது. உள்ளே மங்கிய பழுப்பு நிறத்தில், நனைந்து காய்ந்த கடுதாசி மட்டையை ஒத்த ஏதோவொன்று தெரிந்தது. பின்புறத்திலே 'அசல் தோல்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

"தைப்பொங்கலுக்குத்தான் அம்மா வாங்கித் தந்தவ, சேர். ஒரு பெல்ற் எத்தனை வருசத்துக்குப் பாவிக்கலாம்?" என்று அவன் கேட்டான்.

கேள்வி சிறியது. ஆயினும், அதற்கு ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. எட்டு மாதத்தில் அறுந்த பட்டியை அன்று கையில் வைத்திருந்த நானே, அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த பட்டியொன்றை இடுப்பில் அணிந்திருந்தேன். இரண்டும் கடையில் ஒரே பெயரால் விற்கப்பட்டவை. இவற்றிடையே இத்துணை வேறுபாடு எவ்வாறு வந்தது? அதை அறிந்துகொண்டால், வாங்கும் பணமும் வீணாகாது. பிள்ளைகள் பிறர்முன் நாணவும் வேண்டியிராது.

தோல் எவ்வாறு பட்டியாகின்றது?

உயிரினத்தின் பச்சைத் தோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீரே. எஞ்சியதிற் பெரும்பகுதி கொலாசன் என்னும் புரதம். இப்புரதம் மிக நுண்ணிய நார்களாகி, அந்நார்கள் ஒன்றோடொன்று முப்புறமும் பின்னிக் கிடக்கின்றன. நெய்த துணியில் இழைகள் நெடுக்கும் குறுக்குமாக மாத்திரமே செல்லும். தோலிலோ எத்திசையிலும் செல்லும். தோலை இழுத்துக் கிழிப்பது அரிதாயிருப்பதன் காரணம் இதுவே.

ஆனால் பச்சைத் தோல் ஓரிரு நாளில் அழுகிவிடும். உலர்த்தினாலோ பலகைபோல் விறைத்துப் போகும். அழுகாமலும் விறைக்காமலும் அதனைக் காக்கும் வித்தையே பதனிடுதல். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரையும் மேற்றோலையும் நீக்கியபின், நார்களிடையே புகுந்து அவற்றைப் பிணித்து நிறுத்தும் பொருளொன்றைச் செலுத்துவார்கள். அப்பொருள் யாதென்பதைப் பொறுத்துத் தோலின் குணமும் வேறுபடும்.

மிகப் பழைய முறை, மரப்பட்டை காய் முதலியவற்றின் துவர்ப்பினால் பதனிடுவது. இத்துவர்ப்பைத் தருவது தனின் என்னும் பொருள். கடுக்காயைக் கடித்தவுடன் நாக்கு இறுகுகின்றதன்றோ? அங்கே நம் வாயிலுள்ள புரதங்களைத் தனின் பற்றிக்கொள்கின்றது. தோலிலும் அது செய்வது அவ்வேலையே. தென்னிந்தியாவில் ஆவாரம் பட்டையும் கடுக்காயுங் கொண்டு பதனிட்ட தோல் பல்லாண்டு காலம் சென்னைத் துறையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. தாம்பூலத்திற் சேர்க்கும் காசுக்கட்டியின் துவர்ப்பு ஓக் மரப்பட்டையின் துவர்ப்புக்கு ஈடாகுமோ என்று ஆராய்ந்து, சேர் ஹம்ப்ரி டேவி என்னும் இரசாயன அறிஞர் 1803ஆம் ஆண்டில் இலண்டன் ரோயல் சங்கத்தின் வெளியீட்டிற் கட்டுரை எழுதியுள்ளார். இம்முறையில் அவசரம் கூடாது. தடித்த தோலெனின் வாரங்கள், மாதங்கள் ஆகும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஓக் பட்டைக் குழிகளிலே தோலை ஓராண்டளவும் ஊறவைக்கும் பழைய தொழிற்சாலையொன்று இன்றும் நடைபெறுகின்றது.

மற்றையது குரோமிய உப்பினாற் பதனிடும் முறை. அமெரிக்காவில் ஒகஸ்டஸ் ஷுல்ற்ஸ் என்பவர் 1884ஆம் ஆண்டில் இதற்கு உரிமை பெற்றார். மாதக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடியலாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரட் சாற்றர்ற்றன் என்பவரது முயற்சியால் இம்முறை சென்னையில் வேரூன்றியது. அங்குள்ள குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே குரோம் தோற் கம்பனி ஒன்றினால் வந்ததாகும். தோல் ஆராய்ச்சிக்கெனச் சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டில் தொடங்கிய மத்திய நிலையம் இன்றும் பணியாற்றுகின்றது. இக்காலத்தில் உலகில் ஆகும் தோலிற் பெரும்பகுதி குரோமியத்தாற் பதனிட்டதே.

குரோமியத் தோல் மென்மையானது. நீரையும் சூட்டையும் நன்கு தாங்கும். துவர்ப்புத் தோல் தடித்தது, விறைப்பானது, அணிய அணிய அணிபவரின் உடலுக்கேற்ப வளைந்து, நிறமும் ஆழ்ந்து அழகு பெறும். இழுவை தாங்கவேண்டிய இடுப்புப் பட்டிக்குத் துவர்ப்புத் தோலே நெடுங்காலமாக விரும்பப்பட்டு வருகின்றது. ஆனால் நீரோடு சூடு சேர்ந்தால் அது தாங்காது. இதனை யான் புத்தகத்திற் படித்து அறிந்துகொள்ளவில்லை, அடுப்படியில் அறிந்துகொண்டேன்.

ஒரு பட்டியின் கதை

எனது தந்தையார் 1968ஆம் ஆண்டில், அரசாங்க எழுதுவினைஞராகப் பெற்ற முதற் சம்பளத்தில், கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு தோற்பட்டி வாங்கினார். கபில நிறம், ஒற்றைத் தோல், பித்தளைப் பூட்டு. அதனை அவர் நாள்தோறும் மாலையிற் கழற்றி, சீலைத்துண்டால் துடைத்து, அலுமாரிக் கதவின் உட்புறத்து ஆணியிற் பூட்டைக் கொளுவித் தொங்கவிடுவார். அப்பட்டி எங்கள் வீட்டில் இருபத்தேழு ஆண்டு அவ்வாணியில் தொங்கியது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் யாவரும் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டனர். எங்கள் துவிச்சக்கர வண்டியின் பின்னாலே தகரப் பெட்டியைக் கட்டியிருந்த கயிறு செம்மணி வெளியில் அறுந்துவிட்டது. தந்தையார் தமது இடுப்புப் பட்டியைக் கழற்றிப் பெட்டியை வரிந்து பூட்டினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாவற்குழிப் பாலத்தை அந்தச் சனநெரிசலிற் கடந்து சாவகச்சேரியை அடையும்வரை அப்பட்டி பெட்டியைத் தாங்கியது.

எனக்கு அப்போது பதினைந்து வயது. நாங்கள் தங்கிய வீட்டில் ஐந்து குடும்பங்களுக்கு ஓரடுப்பு. தண்ணீர் சொட்டிய பட்டியை, தந்தையார் விடியற்காலையில் அணியவேண்டுமே என்றெண்ணி, அவ்வடுப்புக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் யான் தொங்கவிட்டேன். காலையிற் பார்த்தபோது, பூட்டுப் பக்கம் சுருங்கிக் கறுத்து, கொம்புபோல் விறைத்திருந்தது. நிமிர்த்த முயன்றேன். வளைவிலே வெடித்தது.

தந்தையார் அதனைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்தார்.

"பறவாயில்லைத் தம்பி. இதுவும் ஒரு காலத்திலை உயிரோடை இருந்த தோல்தானே. இவ்வளவு சூடு தாங்காது" என்று மாத்திரம் கூறினார்.

அதன் விஞ்ஞான விளக்கத்தைப் பின்னாளிற் படித்தேன். ஈரமான பச்சைத் தோல் 60 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுருங்கத் தொடங்கும். துவர்ப்பாற் பதனிட்ட தோல் ஏறக்குறைய 70 முதல் 85 பாகை வரை தாங்கும். குரோமியத் தோலோ 100 பாகையையும் தாங்கவல்லது. அவ்வெல்லையைத் தாண்டியதும் கொலாசன் நார்கள் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை சுருண்டவை எவ்வெண்ணெய் பூசினும் மீளமாட்டா. உலர்ந்த தோல் இதனினும் மிகுந்த சூட்டைப் பொறுக்கும். ஈரமும் சூடும் கூடும்போதே கேடு விளைகின்றது.

சாவகச்சேரிச் சந்தையருகே, எங்களைப்போலவே இடம்பெயர்ந்து வந்து, சாக்கை விரித்துச் சப்பாத்துத் தைத்துக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். தந்தையார் பட்டியைக் கொடுத்தார். அவர் அதனை வளைத்துப் பார்த்து, மணந்து பார்த்து, "வெடிச்சது வெடிச்சதுதான் ஐயா. மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றார். கருகிய பக்கத்தில் இரண்டு அங்குலத்தை வெட்டியெறிந்து, முனையைச் சீவி மெலிதாக்கி, மடித்து, பூட்டை மீண்டும் பொருத்தி, மெழுகிட்ட நூலாற் தைத்தார். நுனியை வெட்டாமற் பூட்டுப் பக்கத்தைக் குறைத்தமையால் பட்டியின் அழகு கெடவில்லை.

இரண்டு அங்குலம் குறைந்த பட்டி தந்தையாருக்குப் போதுமோ என்று அஞ்சினேன். அவ்வாரங்களில் அவர் இடுப்பும் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. பட்டி சரியாகவே பொருந்திற்று. 1996ஆம் ஆண்டில் ஊர் திரும்பியபோதும் அதனையே அணிந்திருந்தார். பின்னும் பல்லாண்டு அணிந்து, இறுதியில் எனக்கு விட்டுச்சென்றார். அன்று வெட்டிய பின்னர் அதில் வேறு பழுது எதுவும் நேரவில்லை.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

பட்டியின் ஆயுளிற் பாதி, கடையிலேயே தீர்மானமாகிவிடுகின்றது. 'அசல் தோல்' என்ற முத்திரையை மாத்திரம் நம்பவேண்டாம். தோலின் ஏதோவொரு பாகம் அதிலே உண்டென்பதற்கு மேல் அது எதனையும் உறுதி செய்வதில்லை.

தடித்த தோலைப் பலகை அறுப்பதுபோல் இரண்டு மூன்று ஏடாகப் பிளப்பார்கள். மயிர் முளைத்த மேற்பக்கத்து ஏட்டிலே நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். அதனைத் தேய்க்காமல் அவ்வாறே பயன்படுத்திய தோல் முதற்தரமானது. கீழேட்டில் நார்கள் தளர்ந்திருக்கும். அதன்மேல் பொலியூரெத்தேன் என்னும் செயற்கைப் பூச்சைப் பூசி, போலியாக மயிர்க்கண் அச்சிட்டு விற்பார்கள். இதனிலும் தாழ்ந்தது, தோற் கழிவுகளைத் தூளாக்கிப் பசையோடு குழைத்துத் தாளாக அழுத்திய பண்டம். என் மாணவனின் பட்டி இவ்வகையைச் சேர்ந்தது. ஈரப்பதன் மிகுந்த நம் நாட்டுக் காற்றில் பொலியூரெத்தேன் பூச்சு நீரோடு தாக்கமுற்று, பாவிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தாலுங்கூடச் சில ஆண்டுகளில் உரிந்துவிடும். ஆகவே, 'புத்தம் புதிதாய் வைத்திருந்தேன், எடுத்துப் பார்த்தால் உரிந்துவிட்டதே' என்று வருந்துபவர்கள் தம்மைத்தாமே நொந்துகொள்ளல் வேண்டாம்.

தரத்தை அறிய நான்கு வழிகள் கூறுவேன்.

முதலாவது, விளிம்பைப் பாருங்கள். ஒரே தோலாயின் மேலிருந்து கீழ்வரை நார் தெரியும். இரு மெல்லிய ஏடுகளும் நடுவே மட்டையும் தெரியுமாயின், அப்பட்டி சிலகாலத்திற் பிளக்கும். விளிம்பு முழுவதும் தடித்த வர்ணத்தால் மூடியிருப்பின், துளைகளின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே மறைக்க இயலாது.

இரண்டாவது, பட்டியை வளையுங்கள். நல்ல தோலில் நுண்ணிய சுருக்கங்கள் தோன்றி, விட்டவுடன் மறையும். போலிப் பூச்சிலே கோடு நிலைத்துவிடும், அன்றேல் வெடிக்கும்.

மூன்றாவது, தடிப்பை அளவிடுங்கள். ஒற்றைத் தோற்பட்டி 3 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்பாக இருத்தல் நன்று. மேனாட்டுத் தோல் வணிகர் தடிப்பை அவுன்சிற் கூறுவர். ஒரு சதுர அடி தோல் ஓர் அவுன்ஸ் நிறுக்குமாயின் அதன் தடிப்பு ஏறக்குறைய அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு, அதாவது 0.4 மில்லிமீற்றர். அவ்வாறாயின் 9 அவுன்ஸ் தோலின் தடிப்பு எவ்வளவு? மாணவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்வார்களாக.

நான்காவது, இழுத்துப் பாருங்கள். விலங்கின் முதுகுப் பக்கத்துத் தோல் நீளாது. வயிற்றுப் பக்கத்துத் தோல் நீளும். சிறிது இழுத்தவுடன் இளகிக் கொடுக்கும் பட்டியில் துளைகள் நீண்டு, ஓராண்டில் முட்டை வடிவாகிவிடும்.

துவர்ப்புத் தோலை அறிய வேறொரு சோதனையும் உண்டு. வீட்டிலுள்ள பழைய பட்டியொன்றின் வெட்டு முனையில் ஈர இரும்பாணியைச் சிறிது நேரம் வைத்திருங்கள். நீலங்கலந்த கருமை தோன்றுமாயின் அது தனின் செய்த வேலை. எம் முன்னோர் கடுக்காய் நீரில் அன்னபேதியைக் கலந்து மை கூட்டியதும் இவ்வண்ணமே. துருப்பிடிக்கும் இரும்புப் பூட்டுப் பட்டியைக் கறைப்படுத்துவதும் இதனாலேயே. பித்தளை அல்லது துருப்பிடியா உருக்கினாலான பூட்டே நல்லது. முலாம் பூசிய மலிவான பூட்டுகளிற் பலவற்றில் நிக்கல் உண்டு. வியர்வை பட்டு நிக்கல் கரையும்போது சிலருக்குத் தொப்புளுக்குக் கீழே சொறியும் தடிப்பும் உண்டாகும். பிள்ளை ஓரிடத்தையே சொறிந்துகொண்டிருப்பின் பூட்டையும் ஒருமுறை சந்தேகியுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, களிசானின் இடுப்பளவிலும் இரண்டு அங்குலம் கூடிய பட்டி பொருந்தும். ஐந்து துளைகளில் நடுத்துளையில் முள் விழுமாறு வாங்குங்கள். வளரும் பிள்ளைகளுக்கு இருபுறமும் இடமிருக்கும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கொருமுறை உரியும் பட்டியின் விலை 800 ரூபா என்றும், பன்னீராண்டு உழைக்கும் பட்டியின் விலை 4,000 ரூபா என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பன்னீராண்டில் முன்னையதற்குச் செலவு 9,600 ரூபா. ஏழைதான் மிகுதியாகச் செலவிடுகின்றான் என்பது இதிலிருந்து தெரிகின்றது. ஆனால், 4,000 ரூபாவை ஒரே நாளிற் கொடுக்க இயலாதபடியாலேயே அவன் 800 ரூபாப் பட்டியை வாங்குகின்றான். அவனுக்கு 'நல்லதை வாங்கு' என்று உபதேசம் செய்வதாற் பயனில்லை. அவனுக்கும் ஒரு வழி உண்டு. அதனை முடிவிற் கூறுகின்றேன்.

நாள்தோறும் பேணும் முறை

பட்டியைக் கெடுப்பவை முக்கியமாக நான்கு: வியர்வை, இழுவை, ஈரம், சூடு.

வியர்வையிலுள்ள உப்பு தோலின் உட்புறத்திற் படிந்து நாரை உலர்த்தும். ஆதலால் மாலையிற் கழற்றியவுடன் உலர்ந்த சீலையால் உட்புறத்தைத் துடைத்து, காற்றுப்படத் தொங்கவிடுங்கள். இயலுமாயின் இரண்டு பட்டிகளை மாறிமாறி அணியுங்கள். ஒருநாள் ஓய்வு பெற்ற தோல், உள்ளிழுத்த ஈரத்தை வெளிவிட்டுத் தன் வடிவத்தையும் மீளப்பெறும். இரண்டு பட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வாங்கிய இரண்டிலும் நீண்டகாலம் உழைக்கும்.

களிசானோடு பட்டியையும் சேர்த்துத் தொங்கவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது பட்டியை மடித்து முறிக்கும். களிசானையும் தொய்யச் செய்யும். பூட்டைக் கொளுவி நேராகத் தொங்கவிடுவதே சிறந்தது. சுருட்டி வைக்க நேரின், மேற்பக்கம் வெளியே இருக்குமாறு தளர்வாகச் சுருட்டுங்கள்.

உணவு உண்டபின் இறுக்கமாகத் தோன்றினால் அடுத்த துளைக்கு மாற்றுங்கள். இழுத்துப் பிடித்திருத்தல் பட்டிக்கும் வயிற்றுக்கும் ஆகாது. புதிய துளை வேண்டுமாயின் ஆணியாற் குத்தவேண்டாம். ஆணி நாரைக் கிழிக்கும். அக்கிழிசல் நாளடைவில் நீண்டு பட்டியை அறுக்கும். சப்பாத்துத் தைப்பவரிடம் வட்டத் துளைப்பான் உண்டு. அது தோலை வெட்டியெடுப்பதால் விளிம்பு சீராயிருக்கும்.

அழுக்குப் படிந்தால், ஈரச் சீலையில் மிகச் சிறிதளவு மென்மையான சவர்க்காரத்தைத் தேய்த்து மெல்லத் துடைத்து, பின் வெறும் ஈரச் சீலையாற் சவர்க்காரத்தை நீக்கி, நிழலில் ஒருநாள் உலரவிடுங்கள். உடுப்புத் தோய்க்கும் தூளும் மண்ணெண்ணெயும் ஆகா. அவை தோலிலுள்ள கொழுப்பை இழுத்தெடுத்துவிடும்.

எண்ணெய் பூசுவதிலே நமது வீடுகளில் நடக்கும் தவறு, அளவு மீறுவதே. நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். அது மிஞ்சினால் தோல் தொய்ந்து நீளும், தூசியையும் ஈர்க்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, கடையில் விற்கும் தோற் களிம்பை ஒரு பயற்றங்காய் அளவு எடுத்துச் சீலையாற் தேய்த்தல் போதும். தேங்காயெண்ணெய் எளிதிற் கிடைப்பினும், நாளடைவிற் சிக்குநாற்றம் கொள்ளும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பிசுபிசுக்கும். களிம்பு கிடையாவிடின், உலராத தன்மையுடைய ஆமணக்கெண்ணெயிற் சில துளிகளைப் பூசி, மிச்சத்தைத் துடைத்தெடுக்கலாம். எதனையும் முதலில் உட்புறத்தில் ஓரிடத்திற் பூசிப் பாருங்கள். நிறம் சிறிது கருக்கும். செயற்கைப் பூச்சுடைய பட்டிக்கு எண்ணெயாற் பயன் இல்லை. அதன் வழியே எண்ணெய் உள்ளே செல்லாது.

பித்தளைப் பூட்டின் ஓரத்திலே பச்சை நிறத்தில் மெழுகு போன்ற ஒன்று சிலவேளை திரளும். தோலின் கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து உண்டாக்கிய உப்பு அது. ஈர்க்குச்சியாற் சுரண்டி, சீலையாற் துடைத்துவிட்டால் போதும்.

மாரிகாலத்தில்

வடக்கிலும் கிழக்கிலும் ஒக்டோபர் முதல் தை வரை அலுமாரிக்குள்ளும் ஈரம் புகும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபதைத் தாண்டி நிலைக்குமாயின் தோலிற் பூஞ்சணம் படரும். பட்டியைப் பொலித்தீன் பையிற் கட்டிவைப்பது பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். துணிப்பையில் வையுங்கள், வெயில் எறிக்கும் நாட்களில் அலுமாரிக் கதவைத் திறந்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்துவிட்டால் முற்றத்துக்குக் கொண்டுசென்று துடைத்து, காயங்களுக்குப் பூசும் ஸ்பிரிற்றைச் சம அளவு நீரோடு கலந்து, சீலையில் நனைத்து ஒற்றித் துடையுங்கள். இதனையும் முதலில் உட்புறத்திற் பரீட்சித்தல் வேண்டும்.

மழையில் நனைந்த பட்டிக்குச் செய்யவேண்டியது எளிது. துடையுங்கள், நேராக நிமிர்த்துங்கள், காற்றோட்டமுள்ள நிழலிற் தொங்கவிடுங்கள். ஒருநாள், இரண்டு நாள் ஆகட்டும். சிறிது ஈரம் எஞ்சியிருக்கும்போதே மெல்லியதாக எண்ணெய் தடவினால் நார்கள் ஒட்டிக்கொள்ளா. வெயில் வேண்டாம், மின்னழுத்தி வேண்டாம், தலைமயிர் உலர்த்தும் கருவி வேண்டாம். அடுப்பு வேண்டவே வேண்டாம்.

உயிர் தந்த பொருள்

சைவர்களாகிய நம்மிற் சிலர் மாட்டுத்தோல் அணிய விரும்பார். அவ்விருப்பம் மதிக்கத்தக்கது. கித்தான் துணியாற் செய்த நல்ல பட்டிகள் உள. அவை எளிதிற் தோய்க்கவும் படும். அணிபவர்களும் ஆலயத்துக்குள்ளே தோற்பட்டியோடு செல்லாதிருப்பது நம் மரபு. ஆனால், ஓர் உயிர் தந்த பொருளை ஏற்றுக்கொண்ட ஒருவர், அதனை ஓராண்டில் எறிவதிலும் முப்பதாண்டு பேணுவதே அவ்வுயிருக்குச் செய்யும் மரியாதை என்பது எனது எண்ணம்.

மனிதன் தோலைப் பேணக் கற்றது நேற்றன்று. 1991ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனியில், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவரது உடல் அகப்பட்டது. அவர் அணிந்திருந்தது கன்றுத்தோற் கச்சை. அதிலே தைத்த சிறு பையில் கற்கருவிகளும், எலும்புக் குத்தூசியும், தீமூட்டும் காளானும் இருந்தன. நம் கிராமத்து வியாபாரிகள் சாரத்தின்மேல் அணியும் காசுப்பை வார், எத்துணைப் பழைய யோசனை பாருங்கள்.

அவ்வாறான தொழிலைச் செய்தவர்களை நம் சமூகம் தெருவோரத்தில் இருத்தி வைத்தது. தோலை இடுப்பிலும் காலிலும் அணிந்தோம். அதனைத் தைத்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அன்று சாவகச்சேரியில் எனது தந்தையார் அம்முதியவரை 'நீங்கள்' என்று விளித்ததையும், கூலி கொடுத்தபின் அவர் அருகிலேயே சாக்கில் அமர்ந்து தேநீர் அருந்தியதையும் யான் மறக்கவில்லை. முன்னொருபோதும் அவர் அவ்வாறு செய்து கண்டதில்லை.

மாணவனுக்குக் கிடைத்த பட்டி

முடிவிற் கூறுவதாகச் சொன்ன வழி இதுவே. அறுந்த பட்டியின் பூட்டை எறியவேண்டாம். என் மாணவனின் பட்டி குப்பையாயினும் பூட்டு நல்ல பூட்டு. பாடசாலை விட்டபின் அவனை அழைத்துக்கொண்டு, பேருந்து நிலையத்தருகே சப்பாத்துத் தைப்பவரிடம் சென்றேன். அவரிடம் ஒற்றைத் தோலில் வெட்டிய வார் ஒன்று இருந்தது. அதிலே பழைய பூட்டைப் பொருத்தி, ஐந்து துளையிட்டு, விளிம்பை மெழுகால் தேய்த்துக் கொடுத்தார். புதுப்பட்டி வாங்கும் விலையிற் பாதியும் ஆகவில்லை. பணத்தை அவனே கொடுத்தான். யான் கொடுக்க முற்பட்டதை அவன் ஏற்கவில்லை.

மறுநாள் வகுப்பிலே அவன் வேண்டுமென்றே ஒருமுறை குனிந்து நிமிர்ந்தான். வகுப்பு மீண்டும் சிரித்தது. இம்முறை அவனும் சேர்ந்து சிரித்தான்.

"சேர், இது எத்தனை வருசம் வரும்?" என்றான்.

"அது உன்னைப் பொறுத்தது" என்றேன்.

அன்பார்ந்த வாசகர்களே, இன்று மாலை உங்கள் பட்டியைக் கழற்றும்போது ஒருமுறை அதன் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் துடையுங்கள். வெடித்திருந்தால், வெடித்தது வெடித்ததுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

மாரி நெருங்குகின்றது. அடுத்த ஞாயிறு குடையைப் பற்றி எழுதுவேன்.